போ போன்னு கூப்பிட்டா கோவிச்சுக்காதீங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது. பேசியதைப் பேசியபடியே எழுதி வாங்கி இங்கே அச்சிட்டிருக்கிறோம்.)



எனக்குப் பேச்சு வராது. முடிச்சுப் போடத்தான் வரும். தலைவி அக்கா விடலை. "சீனா வரைக்கும் போயிட்டு வந்துட்டு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா எப்படி? வந்து பேசு"ன்னுட்டாங்க. போன சித்திரையில நாங்க குடும்பத்தோட மூணு வாரம் அங்கே இருந்தோம். அந்தக் கதையைச் சொல்றேன். கடைசியில நம்ம துணி விஷயம் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு ஒத்துக்கிட்டேன்.

எங்க மாப்பிள்ளை ஈவூன்னு ஒரு ஊர்ல ஏற்றுமதி ஆபீஸ்ல வேலை பார்க்கிறார். செஜியாங் மாகாணம். ஷாங்காய் மாதிரி பேர் தெரிஞ்ச ஊர் இல்லை. ஆனா அந்த ஊர் உங்க எல்லார் வீட்டுலயும் இருக்கு. சித்திரைத் திருவிழாக் கடையில வாங்குற தலைக் கிளிப்பு, பிள்ளைங்க பம்பரம், சாமி படத்துக்குப் போடுற பிளாஸ்டிக் மாலை, சீரியல் பல்பு, இதுல நிறைய அங்கேருந்து வர்றதுதான். மகளும் ஆறு வயசுப் பேத்தியும் அங்கேதான் இருக்காங்க. நான், எங்க வீட்டுக்காரர், மாப்பிள்ளையோட அம்மா, அதாவது எங்க சம்பந்தியம்மா, மூணு பேரும் கிளம்பினோம். புளி, ரசப்பொடி, ஊறுகாய், அப்பளம், இவ்வளவும் சம்பந்தியம்மா பெட்டியில. என் பெட்டியில நாலு சேலையும் ஒரு ஊசிநூல் டப்பாவும்.

போய் இறங்கின மறுநாளே குடும்பத்துல சண்டை வரப் பார்த்துச்சு. மகள் வீட்டுக்கு எதிர் வீட்டுல ஒரு வயசான சீனத்து அம்மா. எங்களைப் பார்த்ததும் சிரிச்சுக்கிட்டே ஏதோ கேட்டாங்க. மகள் தன் மாமியாரைக் கையைக் காட்டி "போ போ"ன்னு சொன்னா. அந்த அம்மாவும் சம்பந்தியம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டி "போ போ, போ போ"ன்னாங்க. சம்பந்தியம்மா முகம் சுருங்கிப் போச்சு. உள்ளே வந்து, "ஏம்மா, நான் வந்து ஒரு ராத்திரிகூட ஆகலை. அதுக்குள்ள ஊர்க்காரியை வெச்சு விரட்டுறியா?"ன்னு கேட்டுட்டாங்க. மகள் சிரிச்சு முடிக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. சீன மொழியில புருஷனோட அம்மாவுக்குப் பேரே போபோ தானாம். நம்ம ஊர்ல சில மருமகள்கள் மனசுக்குள்ள சொல்றதை அங்கே வெளியிலயே சொல்றாங்க, அவ்வளவுதான்.

அது மட்டுமில்ல. அங்கே மாமான்னா அம்மா. பேத்தி ரோட்டுல "மாமா, மாமா"ன்னு கத்திக்கிட்டு மகள் பின்னாடி ஓடும்போதெல்லாம் எங்க வீட்டுக்காரர் எந்த மாமான்னு திரும்பித் திரும்பிப் பார்ப்பார். அப்புறம் யாரைப் பார்த்தாலும் நீதான். பெரியவங்க சின்னவங்க கிடையாது. நீ ஹாவ், நீ ஹாவ்னா வணக்கம். மரியாதைக்கு நீன்-னு ஒண்ணு இருக்குதுன்னு மகள் சொன்னா. அந்த ஊர் மார்க்கெட்டுல நான் அதைக் கேட்கலை. கீரை விக்கிற அம்மா எங்க வீட்டுக்காரரைப் பார்த்து "நீ ச்சி ல மா?"ன்னு கேட்டப்போ, முதல்ல அவருக்குச் சுருக்குன்னுச்சு. மகள் அர்த்தம் சொன்னா. "சாப்பிட்டாச்சா?" அவ்வளவுதான். நம்ம ஊர்ல வீட்டு வாசல்ல பார்த்தா கேட்கிற அதே கேள்வி. நீ-யில ஆரம்பிச்சு மா-வுல முடியுது பாருங்க, "நீ சாப்பிட்டியாம்மா"ங்கிற மாதிரி. அதுக்கு அப்புறம் அவர் தினமும் காலையில அந்தக் கீரைக்கடை வழியாத்தான் நடந்து போவார், யாராவது அதைக் கேட்பாங்களான்னு.

சந்தையைப் பத்திச் சொல்லணும். சந்தைன்னா நம்ம ஒட்டன்சத்திரம் சந்தை மாதிரி நினைக்காதீங்க. ஒரு கட்டடத்துல இருந்து அடுத்த கட்டடம், மாடி மாடியா, மொத்தம் 75,000 கடைக்குக் குறையாது. ஒரு கடைக்கு மூணு நிமிஷம்னு நின்னாக்கூட ராப்பகலா நடந்தாலும் அஞ்சு மாசம் ஆகும்னு மாப்பிள்ளை கணக்குப் போட்டுச் சொன்னார். ஒரு மாடி முழுக்கத் தலைக்குப் போடுற சாமான் மட்டும். நான் நம்ம குழு கடையில விக்கிற பட்டாம்பூச்சிக் கிளிப்பை ஒரு கடையில தொங்கவிட்டிருந்ததைப் பார்த்தேன். அதே கிளிப்பு, அதே அட்டை. சொந்தக்காரங்களைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. விலை கேட்டேன். கடைக்காரப் பொண்ணு கால்குலேட்டரை எடுத்து எண்ணைத் தட்டிக் காட்டினா. நான் அதை வாங்கிக் குறைச்சுத் தட்டினேன். அவ சிரிச்சுக்கிட்டு இன்னொரு எண்ணைத் தட்டினா. ஒரு வார்த்தை பேசாம கால் மணி நேரம் பேரம் நடந்துச்சு. கடைசியிலதான் தெரிஞ்சது, அவ சொன்ன விலை பெட்டிக் கணக்குக்கு. குறைஞ்சது இருபது பெட்டி எடுக்கணுமாம். நான் ஒரு அட்டைக்குப் பேரம் பேசிக்கிட்டிருந்திருக்கேன். அவ கடைசியில ஒரு கிளிப்பைக் கழட்டிப் பேத்தி தலையில குத்திவிட்டு, காசு வேண்டாம்னு கையை ஆட்டிட்டா. கல்லாவுக்குப் பின்னாடி அவ மகன் முக்காலியில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டிருந்தான். நிறையக் கடையில பொம்பளைங்கதான் உக்காந்திருக்காங்க.

இந்தச் சந்தை வந்த கதை நம்ம கூட்டத்துக்குப் பொருத்தமான கதை. அந்த ஊர்ல நிலம் கம்மி. அந்தக் காலத்துல ஆம்பளைங்க தோள்ல காவடி மாதிரி மூங்கில் கம்புல ரெண்டு கூடையைத் தொங்கவிட்டு, கிலுகிலுப்பை அடிச்சுக்கிட்டு ஊர் ஊராப் போவாங்களாம். வெல்லக்கட்டி கொடுத்துட்டுக் கோழி இறகு வாங்குவாங்க. நல்ல இறகு துடைப்பத்துக்கு, மட்டமான இறகு வயலுக்கு உரம். நம்ம தெருவுல ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்னு வருவாங்களே, அதே வியாபாரம். அப்புறம் சொந்தமா வியாபாரம் பண்ணக் கூடாதுன்னு அரசாங்கம் தடுத்த காலம் வந்துச்சு. தெருவுல பொத்தான், ஷூ லேஸ் விக்கிறவங்களைக்கூடத் துரத்திப் பிடிச்சிருக்காங்க. அப்படித் துரத்தப்பட்டவங்கள்ல ஒருத்தர் ஃபெங் ஐச்சியான்னு ஒரு அம்மா. 1982-ல ஷியே காவ்ஹுவான்னு புதுசா வந்த கட்சிச் செயலாளர்கிட்டேயே நேராப் போய், எங்களுக்குப் பிழைக்க வேற வழி என்ன இருக்கு, ஏன் விரட்டுறீங்கன்னு சண்டை போட்டிருக்காங்க. அந்த மனுஷன் கேட்டுக்கிட்டார். அந்த வருஷமே சந்தையைத் திறக்க விட்டுட்டார். தெருவோரம் பலகை போட்டு ஆரம்பிச்சது இன்னைக்கு இவ்வளவு. கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மனுவோட நாள் முழுக்க நின்ன நம்ம அக்காமாருக்கு இதைச் சொல்லத் தோணுச்சு.

சாயங்காலம் ஆனா அந்த ஊர்ல பொம்பளைங்க ராஜ்ஜியம். ஏழு மணிக்கு மேல எந்தத் திடல்ல பார்த்தாலும் அம்பது அறுபது வயசு அம்மாமார் வரிசை கட்டி நின்னு பெரிய ஸ்பீக்கர் வெச்சு ஆடுறாங்க. கூச்சமே கிடையாது. பேரன் பேத்தியைத் தள்ளுவண்டியில ஓரமா நிறுத்திட்டு ஆடுறாங்க. சம்பந்தியம்மா மூணு நாள் வேடிக்கை பார்த்தாங்க. நாலாவது நாள் சேலையை இழுத்துச் செருகிக்கிட்டுக் கடைசி வரிசையில போய் நின்னுட்டாங்க. பாட்டு நின்ன இடைவெளியில நாங்க ரெண்டு பேரும் கும்மி தட்டிக் காட்டினோம். அம்மாமார் சுத்தி வந்துட்டாங்க. குனிஞ்சு நிமிர்ந்து தட்டுறது அவங்களுக்குச் சட்டுன்னு வந்துடுச்சு. ஒரு பெரியவர் ஓரமா நின்னு ராஜ்கபூர் படத்துப் பாட்டை முணுமுணுத்தார். அவர் சின்ன வயசுல 'ஆவாரா' அங்கே ரொம்ப ஓடின படமாம். எங்க ரெண்டு பேருக்கும் இந்தி வராது. இருந்தாலும் தெரிஞ்ச மாதிரி தலையை ஆட்டி வெச்சோம். என் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்து வலிக்கலையான்னு சைகையில கேட்காத அம்மாவே இல்லை.

மாப்பிள்ளைக்கு ஒரு வாரம் லீவு கிடைச்சது. மலை ஊர் பார்க்கலாம்னு குய்சோ மாகாணத்துக்கு ரயில் ஏறினோம். ஈவூவில ஏறினா அதே ரயில் கைலி வரைக்கும் போகுது. 1,300 கிலோமீட்டருக்கு மேல. ஏறக்குறைய ஏழு மணி நேரம். பெட்டியில பலகையில வேகம் காட்டும், 300-ஐத் தொட்டதும் எங்க வீட்டுக்காரர் எழுந்து நின்னு பார்த்தார். அவர் மனசைக் கொள்ளை கொண்டது வேகம் இல்லை, வெந்நீர். ஒவ்வொரு பெட்டியிலயும் வெந்நீர்க் குழாய் இருக்கு. ஸ்டேஷன்ல இருக்கு. ஆஸ்பத்திரியில இருக்கு. அந்த நாட்டுல யாரும் பச்சைத் தண்ணி குடிக்கிறதில்ல. சம்பந்தியம்மா ஒரு டம்ளர்ல ரசப்பொடியையும் புளிக் கரைசலையும் போட்டு வெந்நீர் பிடிச்சு நாலு பேருக்கும் ரசம் கொடுத்தாங்க. பக்கத்து சீட்டுப் பையன் மோந்து பார்த்துட்டு தும்மினான். அப்புறம் அவனும் அரை டம்ளர் வாங்கிக் குடிச்சான்.

குய்சோவைப் பத்தி அங்கே ஒரு பழைய சொலவடை: மூணு நாள் சேர்ந்தாப்பல வெயில் கிடையாது, மூணு மைல் சேர்ந்தாப்பல சமதரை கிடையாது, ஆளுக்கு மூணு காசு கிடையாது. முதல் ரெண்டும் இப்பவும் நிஜம். குகை தாண்டினா பாலம், பாலம் தாண்டினா குகை, நாங்க இருந்த அஞ்சு நாளும் தூறல். மூணாவது மாறிக்கிட்டு வருது. கடும் வறுமைப் பட்டியல்ல கடைசியா இருந்த 9 கவுண்டியும் இந்த மாகாணத்துலதான் இருந்துச்சாம். 2020 நவம்பர்ல அதையும் பட்டியல்ல இருந்து எடுத்துட்டோம்னு அறிவிச்சாங்க. ரோடு எல்லா மலைக்கும் போயிருக்கு. ஆனா ஊர்ல இளவட்டங்க கம்மி. கிழவிகளும் பேரப் பிள்ளைங்களும்தான். அப்பா அம்மா கடலோர ஊர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டாங்க. திருப்பூருக்குப் பிள்ளைகளை அனுப்பின நம்ம ஊர்களை நினைச்சுக்கிட்டேன்.

அங்கே மியாவ் ஜனங்க இருக்காங்க. சீனர்கள்ல தனி இனம், தனி மொழி, பொம்பளைங்க தலையில கொம்பு மாதிரி வெள்ளி நகை. ஷிஜியாங்னு மலைச்சரிவு முழுக்க மர வீடா அடுக்கின பெரிய ஊர், ஆயிரம் வீட்டு ஊர்னு பேர். அதுக்குள்ள போற வாசல்லதான் எங்க வீட்டுக்காரர் மாட்டிக்கிட்டார். விருந்தாளியை வாசல்ல நிறுத்தி, எருமைக் கொம்புல அரிசி மது நீட்டுவாங்க. பொம்பளைங்க கொம்பைப் பிடிச்சு உங்க வாயில காட்டுவாங்க, நீங்க கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு உதட்டை நனைச்சுட்டுப் போகலாம். கொம்பைக் கையால தொட்டுட்டீங்கன்னா முழுக்கொம்பும் நீங்கதான் குடிக்கணும். அது அவங்க வழக்கம். மாப்பிள்ளை இதைச் சொல்றதுக்குள்ள, பெரியவங்க கொடுக்கிறதை ரெண்டு கையாலயும் வாங்கணும்னு நம்ம வழக்கப்படி எங்க வீட்டுக்காரர் ரெண்டு கையையும் நீட்டிப் பயபக்தியா வாங்கிட்டார். எல்லாரும் ஹோன்னு கத்துறாங்க. மதுக்கடையை மூடணும்னு நாம கொடுத்த மனுவுல முதல் கையெழுத்து என்னோடது, உங்களுக்கே தெரியும். என் கண்ணு முன்னாடி இவர் கையில கொம்பு. அந்தப் பொண்ணுங்க என் முகத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டாங்க போல, ரெண்டு மடக்கோட விட்டுட்டாங்க. அதுக்கே காது மடல் வரைக்கும் சிவந்துபோய், அன்னைக்கு சாயங்காலம் முழுக்க ஊரைப் பார்க்காம தூங்கினார். ஊருக்கு வந்து இதை யாருகிட்டேயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினார். மைக்குல சொல்லக் கூடாதுன்னு சொல்லலை.

சாப்பாட்டுல சம்பந்தியம்மாவுக்குத்தான் பாடு. சனிக்கிழமை கறி தொட மாட்டாங்க. கறி வேண்டாம்னு மகள் மூணு தடவை சொல்லி வாங்கின பீன்ஸ் பொரியல்ல பொடிசா பன்னிக்கறி தூவியிருந்துச்சு. கேட்டா, "அது கறி இல்லை, ருசிக்குப் போட்டது"ன்னு சொல்றாங்க. அவங்க பார்வையில தப்பே இல்லை. மீன் வாடை அடிக்கிற ஒரு கிழங்கை வேற மிளகாய் போட்டு ஆசையா நீட்டினாங்க. அது செடியோட வேர்தான், சுத்த சைவம்தான், ஆனா வாயில வெச்சா நேத்து மீன் கழுவின தண்ணி. கடைசியில காப்பாத்தினது புளிச்ச சூப்பு. அந்த ஊர்ல மூணு நாள் புளிப்பு சாப்பிடலைன்னா கால் தள்ளாடும்னு சொல்வாங்களாம். அரிசி களைஞ்ச தண்ணியைப் பானையில ஊத்திப் புளிக்க வெச்சு அதுலதான் சூப்பு வைக்கிறாங்க. இன்னொண்ணு தக்காளியைப் புளிக்க வெச்சுச் செய்யிறது, சிவப்பா இருக்கும். அதுல நெல் வயல்ல வளர்த்த மீனைப் போடுவாங்க. வயல்ல தண்ணி நிக்கும்போதே மீன் குஞ்சு விட்டுடுறாங்க, நெல்லும் வருது மீனும் வருது. மீன் போடாம எனக்கு ஒரு கிண்ணம்னு வாங்கி, சம்பந்தியம்மா சோத்துல ஊத்திப் பிசைஞ்சு கையால சாப்பிட்டாங்க. நாலு நாள் கழிச்சு முகத்துல வெளிச்சம் வந்துச்சு. சமைச்ச கிழவி பக்கத்துல வந்து உக்காந்து, அவங்க கையால பிசையுறதையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. பிறகு அந்தக் கிழவியும் குச்சியைக் கீழே வெச்சுட்டுக் கையால ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாங்க.

அந்தக் கிழவி வீட்டுலதான் தங்கினோம். பேச்சு மூணு கை மாறி வரும். கிழவி மியாவ் மொழியில சொல்ல, அவங்க பேத்தி சீனத்துல மாத்த, எங்க மகள் தமிழ்ல சொல்லுவா. நாங்க போறதுக்குப் பத்து நாள் முன்னாடிதான் பக்கத்து ஊர்கள்ல அக்கா தங்கச்சிச் சோறுன்னு ஒரு திருவிழா முடிஞ்சிருந்தது. கல்யாணம் ஆகாத பொண்ணுங்க பசை அரிசியைச் செடிச் சாறுல கலர் கலரா வேகவெச்சு, விரும்பி வர்ற பையனுக்குத் துணியில மடிச்சுக் கொடுப்பாங்க. சோத்துக்குள்ள பதில் இருக்கும். ஜோடிக் குச்சி இருந்தா சம்மதம். பைன் மரத்து ஊசி இலை இருந்தா, ஊசிநூல் வாங்கிட்டு வா, அப்புறம் பார்க்கலாம். மிளகாயோ பூண்டோ இருந்தா, வேற இடம் பாரு. கிழவிகிட்ட, நீங்க தாத்தாவுக்கு என்ன வெச்சீங்கன்னு நான் கேட்டேன். "முதல் வருஷம் மிளகாய்"ன்னு சொல்லிட்டு அவங்க சிரிச்ச சிரிப்பை இங்கே எனக்குச் செஞ்சு காட்ட வராது.

அவங்க சட்டைக் கை முழுக்க எம்ப்ராய்டரி. பட்டாம்பூச்சிதான் அதிகம். மனுஷ ஜாதிக்கே தாய் ஒரு பட்டாம்பூச்சி, மேப்பிள் மரத்துல இருந்து பிறந்து 12 முட்டை இட்டாள், அதுல ஒண்ணுல இருந்துதான் முதல் மனுஷன் வந்தான்னு அவங்க கதை. பழங்காலத்துல அவங்க மொழிக்கு எழுத்து கிடையாது. அதனால தாண்டி வந்த ஆறு, விட்டுட்டு வந்த வயல், எல்லாத்தையும் பாவாடைக் கரையில கோடு கோடாத் தைச்சு வெச்சிருக்கோம்னு சொன்னாங்க. நான் என் டப்பாவைத் திறந்து, ஒரு கைக்குட்டைத் துணியை நகத்தால கிள்ளி நூல் சுத்தி நாலு சுங்குடி முடிச்சுப் போட்டுக் காட்டினேன். கிழவி என் கட்டை விரல் நகத்தைத் தடவிப் பார்த்தாங்க. முடிச்சுப் போடுற நம்ம எல்லாருக்கும் அங்கே ஒரு பள்ளம் இருக்குமே, அதை.

இனிமே சொல்லப் போறதுதான் துணி விஷயம்.

ஷிஜியாங் கடைத்தெருவுல நான் ஒரு நீலத் துணி வாங்கினேன். மெழுகு பத்திக்கு, வெள்ளையில பட்டாம்பூச்சி. கையால வரைஞ்சதுன்னு கடைக்காரர் சொன்னார். நம்ம காசுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கிட்ட. நான் இந்தத் துணிகளோடயே வாழுறவ, என்னை ஏமாத்த முடியாதுன்னு ஒரு மிதப்பு. மறுநாள் தன்ஜாய் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். அங்கே பத்துப் பன்னிரண்டு பொம்பளைங்க சேர்ந்து மெழுகு வேலை செய்யிறாங்க. தேன்மெழுகை உருக்கி, மூங்கில் காம்புல செப்புத் தகடு வெச்ச ஒரு சின்னக் கத்தியால தொட்டுத் தொட்டுத் துணியில வரையுறாங்க. பென்சில் கோடு கிடையாது. அளவுகோல் கிடையாது. நகத்தால ஒரு மடிப்புக் கீறிக்கிட்டு நேரா வரைஞ்சுடுறாங்க. அப்புறம் அவுரிச் சாயத் தொட்டி. தொட்டிக்குள்ளேருந்து எடுக்கும்போது துணி பச்சையா இருக்கு, காத்துப் பட்டதும் கண்ணு முன்னாடி நீலமாகுது. முக்கி எடுத்துக் காயவெச்சு, மறுபடி முக்கி, இப்படிப் பல தடவை. கடைசியில கொதி தண்ணியில போட்டா மெழுகு விட்டுப்போய் வெள்ளைக் கோலம் நிக்கும். நாம நூலால சாயத்தைத் தடுக்கிறோம், அவங்க மெழுகால தடுக்கிறாங்க. வேற வித்தியாசம் இல்லை. அவங்க சாயத் தொட்டிக்கு உடம்பு சரியில்லைன்னா அரிசி மது ஊத்திக் குணமாக்குவாங்களாம். எங்க வீட்டுக்காரர் தொட்டியை விட்டுத் தள்ளியே நின்னார்.

நான் பெருமையா என் நீலத் துணியை எடுத்துக் காட்டினேன். என் வயசு இருக்கிற ஒரு அம்மா, நகமெல்லாம் நீலம், அதை வாங்கி ஒண்ணும் சொல்லாம புரட்டிப் போட்டாங்க. பின்பக்கம் வெளிறிப் போயிருந்துச்சு. தொட்டியில முக்கின துணிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாதே. அப்புறம் மெழுகு காய்ஞ்சு விரிசல் விட்ட இடத்துல சாயம் கசிஞ்ச மெல்லிசு கோடு இருக்கும், அதைத் தொட்டுக் காட்டினாங்க. ஒரு பட்டாம்பூச்சிச் சிறகுல ஒரு விரிசல். ரெண்டு பூ தள்ளி அடுத்த பட்டாம்பூச்சியில அதே விரிசல், அதே வளைவு. விரிசல் எங்கேயாவது ரெண்டு இடத்துல ஒரே மாதிரி விழுமா? மிஷின்ல அச்சடிச்சது. அந்த அம்மா கோவப்படலை, கடைக்காரரைத் திட்டவும் இல்லை. தன் துணியை என் துணி பக்கத்துல விரிச்சு வெச்சுட்டு, என் முகத்தைப் பார்த்தாங்க. "இது எங்களுக்கு எட்டு நாள் வேலை. அது எட்டு நிமிஷம். ரெண்டுக்கும் ஒரே பேர் சொல்லித்தான் விக்கிறாங்க"ன்னு மகள் மொழிபெயர்த்துச் சொன்னா.

மகளும் மாப்பிள்ளையும் அந்தக் கடைக்காரரைத் திட்டினாங்க. என்னால திட்ட முடியலை.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கண்காட்சி. நம்ம குழுவுக்கு ஸ்டால் கிடைச்சது. கைமுடிச்சுச் சுங்குடி பத்தொன்பது சேலைதான் கையில இருந்தது. ஸ்டால் காலியாத் தெரியக் கூடாதுன்னு மொத்தக் கடையில பிரிண்ட் சுங்குடி நாப்பது எடுத்து, நம்ம குழு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டோம். அட்டையில 'கையால் முடிச்சிட்டது'ன்னு அச்சடிச்சிருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரெண்டாவது நாள் ஒரு டீச்சரம்மா வந்தாங்க. மகளுக்கு வளைகாப்புன்னு சொன்னாங்க. ஒரு அரக்குச் சேலையை எடுத்து, "இது முடிச்சுப் போட்டதுதானேம்மா?"ன்னு என் கண்ணைப் பார்த்துக் கேட்டாங்க. நான் ஆமான்னேன். பிரிண்ட் விலைக்கு இல்லை, முடிச்சு விலைக்கே கொடுத்தேன். அவங்க என் நகத்தைப் பார்த்துத்தான் நம்பியிருப்பாங்கன்னு இப்போ தோணுது. அன்னைக்கு நல்ல லாபம். கூட்டத்துல கைதட்டி, கணக்கை வாசிச்சோம். விஷயம் தெரிஞ்சது மூணு பேருக்கு. மத்த ரெண்டு பேரும் இங்கே முன்வரிசையிலதான் இருக்காங்க. மேடையில சொல்லப் போறேன்னு நேத்தே அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன். ஒருத்தி அழுதா. ஒருத்தி, "உன் பேரைச் சொல்லு, எங்க பேரைச் சொல்லாதே"ன்னா. சொல்லலை.

அந்தத் தன்ஜாய் அம்மாகிட்டயும் இதைச் சொன்னேன். மூணு மொழி மாறிப் போச்சு, எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்துச்சோ தெரியலை. அவங்க கொஞ்ச நேரம் கத்தியை மெழுகுல தொட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் நான் போட்ட நாலு முடிச்சுக் கைக்குட்டையைக் கேட்டு வாங்கி, தங்க துணியோட சேர்த்துத் தொட்டியில முக்கினாங்க. காய்ஞ்சதும் நானே நூலை உருவினேன். நீலத்துல நாலு வெள்ளைப் புள்ளி, நாலும் நாலு விதம். பதிலுக்கு அவங்க ஒரு சாண் துணி கொடுத்தாங்க, பாதி சிறகு வரைஞ்சது. காசு வாங்கலை. கிளம்பும்போது எங்க வீட்டுக்காரர் தைரியமா "நீ ச்சி ல மா?"ன்னு கேட்டார். அது போயிட்டு வர்றோம்னு சொல்ற இடம். எல்லாரும் சிரிச்சுட்டாங்க, உள்ளே போய் அவிச்ச சோளம் நாலு கொண்டுவந்து கொடுத்தாங்க.

ஊருக்கு வந்த அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துல நம்ம குழு தீர்மானப் புத்தகத்துல எழுதினோம். பிரிண்ட் சேலை விக்கிறதை நிறுத்தலை. அதுவும் நல்ல சேலைதான், வெயிலுக்கு ஏத்தது, வாங்குறவங்க இருக்காங்க. பிரிண்ட்டைப் பிரிண்ட்னு சொல்லி, பிரிண்ட் விலைக்குத் தனி அலமாரியில வெச்சு விக்கிறோம். கைமுடிச்சுச் சேலை அட்டையில முடிச்சுப் போட்டவங்க பேரை எழுதுறோம். இதுல போன தீபாவளிக்கு வருமானம் குறைஞ்சது உண்மை. வங்கித் தவணையை ஒரு மாசம் சேமிப்புல இருந்துதான் கட்டினோம். அதுக்காக என்னைத் திட்டினவங்களும் உண்டு, அவங்க கேள்வியில நியாயம் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த டீச்சரம்மா ஊர் பேர் தெரியும். ரெண்டு தடவை தேடிப் போனேன், மாறுதல்ல போயிட்டாங்களாம். அவங்களுக்குன்னு ஒரு அரக்குச் சேலை முடிச்சுப் போட்டுக்கிட்டிருக்கேன். பாதி ஆயிருக்கு.

சாப்பாட்டுக்கு மணி ஆச்சுன்னு செயலாளர் கடிகாரத்தைக் காட்டுறாங்க. அந்தப் பக்கம் மேசையில ரெண்டு நீலத் துணி விரிச்சு வெச்சிருக்கேன். ஒண்ணு நான் ஏமாந்தது, ஒண்ணு அந்த அம்மா கொடுத்த ஒரு சாண். பக்கத்துல ரெண்டு சுங்குடிச் சேலையும் இருக்கு. எது எதுன்னு எழுதி வைக்கலை. போற வழியில புரட்டிப் பாருங்க. கையை மட்டும் துடைச்சுட்டுத் தொடுங்க, சாம்பார் பட்டா போகாது.